எத்தனை காலத்துக்கு ஒருமுறை?



கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் கருவியை எத்தனை காலத்துக்கு ஒருமுறை பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும்? இந்த வாரச் சிந்தனைக்கு இப்படியொரு கேள்வியா என்று நீங்கள் வியக்கக்கூடும். கடல் நமக்கு நெடுந்தொலைவு. நாம் அறிந்த நீரெல்லாம் காவிரியும் கொள்ளிடமும் திருவெள்ளறையின் பழங்கிணறுந்தான். ஆயினும் இக்கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் நம் சபையின் பிள்ளைகளில் ஒருவர். புதுச்சேரியில் ஒரு நீர்மூழ்குப் பயிற்சி நிலையத்தில் வேலை செய்கிறார். நீந்தத் தெரியாதவர்களைக்கூடக் கைப்பிடித்துக் கடலுக்குள் அழைத்துச் சென்று பவளத்தையும் மீனையும் காட்டித் திரும்பக் கொண்டுவருவது அவருடைய பணி.

விடுமுறைக்கு ஊர் வந்தவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, என் ரெகுலேட்டர் வாங்கி ஓராண்டு ஆகிறது. ஒரு குறையும் இல்லை. நன்றாக இருப்பதை ஏன் பிரிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். ஆண்டு தவறாமல் காட்டிவிடு என்கிறார்கள் வேறு சிலர். செலவும் சிறியதில்லை. யார் சொல்வதைக் கேட்பது?”

கருவியைப் பற்றி அவரிடமிருந்தும் நூல்களிலிருந்தும் நான் அறிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1943இல் பிரான்சு நாட்டில் ஜாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்னும் பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய கருவியின் வழித்தோன்றல் இது. முதுகில் சுமக்கும் உருளையில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதை அப்படியே வாயில் வாங்கினால் நுரையீரல் கிழிந்துபோகும். ஆகவே ரெகுலேட்டர் இரண்டு படிகளில் அழுத்தத்தைக் குறைக்கிறது. உருளையின் வாயில் பொருந்தும் முதற்படி, அதைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் கூடுதலான அளவுக்கு இறக்கிவிடும். வாயில் கடித்திருக்கும் இரண்டாம் படி, நாம் மூச்சிழுக்கும் கணத்தில் மட்டும் திறந்து, அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தரும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் இருமடங்கு; முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. ஆழம் எதுவானாலும் இக்கருவி அளந்து கொடுக்கிறது. நம் சமையலறையில் எரிவாயு உருளையின் தலையில் உள்ள ரெகுலேட்டரும் அழுத்தத்தைக் குறைக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இத்தனையும் நடப்பது சில ரப்பர் வளையங்களையும், சிறிய விற்சுருள்களையும், விரல்நகத்தினும் சிறிய ஓர் அடைப்பானையும் நம்பி. உப்பு நீர் உள்ளே புகுந்து காய்ந்தால் படிகமாகிக் கீறும். ரப்பர் வயதினால் இறுகும். அடைப்பானில் தடம் விழும். கவனியுங்கள்: பயன்படுத்தினால் மட்டுமே தேய்வதன்று, அலமாரியில் சும்மா கிடந்தாலும் நலிவுறும். ஆகவேதான் உற்பத்தியாளர்கள் நாட்காட்டியையும் மூழ்கிய மணிகளையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்கொருமுறை முழுப் பராமரிப்பு என்பது பழைய வழக்கம். இன்று சில நிறுவனங்கள் ஆண்டுக்கொருமுறை சோதனை போதும், இரண்டாண்டுகள் அல்லது நூறு மணி நேர மூழ்கல், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது முழுவதும் பிரித்து உறுப்புகளை மாற்றுங்கள் என்கின்றன. நாள்தோறும் மூழ்குகிற பயிற்சியாளருக்கு நூறு மணி நேரம் சில மாதங்களிலேயே நிறைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கடலுக்குப் போகிறவருக்கு நாட்காட்டியே அளவு.

“நன்றாக இருப்பதைப் பிரிக்காதே” என்பவர்கள் வெறும் சோம்பேறிகளும் அல்லர். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய பிரித்தானிய விமானங்களின் பழுதுக் கணக்கை வாடிங்டன் என்னும் உயிரியல் அறிஞர் ஆராய்ந்தார். ஐம்பது மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை விமானத்தைப் பிரித்துச் சோதிப்பது அக்கால வழக்கம். எதிர்பாராப் பழுதுகள் சோதனைக்கு முந்திய நாட்களில்தான் மிகுதி என்றே எவரும் நினைப்பர். கணக்கோ நேர்மாறாக இருந்தது. சோதனை முடிந்த உடனே பழுதுகள் பெருகி, பின்னர் படிப்படியாகக் குறைந்தன. இசைவாக ஓடிக்கொண்டிருந்ததை மனிதக் கைகள் தேவைக்கு மிஞ்சித் தொட்டதால் வந்த விளைவு அது. இதனால்தான் புதிதாகப் பராமரித்த ரெகுலேட்டரை நேரே ஆழ்கடலுக்குக் கொண்டுபோகாமல், ஆழமற்ற நீரில் முதலில் சோதித்துப் பார்க்கிறார்கள் அறிவுள்ள மூழ்குநர்கள்.

அப்படியானால் விடை என்ன? நம் தம்பி தம் வழக்கத்தைச் சொல்லச் சொல்ல, விடை அவரிடமே இருப்பது எனக்குப் புலப்பட்டது. ஒவ்வொரு மூழ்கலுக்குப் பின்னும் முதற்படியின் மூடியை இறுகப் பொருத்தி, நன்னீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துகிறார். ஒவ்வொரு மூழ்கலுக்கு முன்னும் காற்றைத் திறந்து சீறல் கேட்கிறதா என்று செவிகொடுக்கிறார், மூச்சிழுத்துப் பார்க்கிறார், வாய்ப்பகுதியின் ரப்பர் கிழிந்துள்ளதா எனத் தடவிப் பார்க்கிறார். முதற்படியின் வடிகட்டியில் பச்சை நிறம் கண்டால் ஈரத்தின் அரிப்பு, செம்பழுப்புக் கண்டால் உருளைக்குள் துரு என்று அறிந்துவைத்திருக்கிறார். நாள்தோறும் கழுவுவது அவர் வேலை. குறித்த காலத்தில் அளவுமானி வைத்துச் சோதிப்பது பயின்றவர் வேலை. பிரித்து மாற்றுவது, காலம் நிறைந்தபோதோ அறிகுறி தோன்றியபோதோ, அதற்கான கருவியும் அறிவும் உள்ளவர் மட்டுமே செய்யத்தக்க வேலை. இம்மூன்றும் வேறுவேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பிரியமானவர்களே, இங்கேதான் என் உள்ளம் நம்மிடம் திரும்பியது. மண்ணினால் உருவாக்கிய மனிதனின் நாசியில் தேவன் ஜீவ சுவாசத்தை ஊதினார் என்று ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாம் இரவல் மூச்சில் வாழ்கிறவர்கள். அந்த உள்ளான வாழ்வை எப்படிப் பேணுகிறோம்? நம்மில் சிலர் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கண்ணீரோடு எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுவிட்டு, அடுத்த டிசம்பர்வரை உப்பைக் கழுவுவதேயில்லை. வேறு சிலரோ ஒவ்வோர் இரவும் தம் இருதயத்தைத் திருகு திருகாகக் கழற்றி, மன்னிக்கப்பட்ட பாவத்தையே மறுபடி மறுபடி தோண்டி, காலையில் முன்னிலும் தளர்ந்து எழுகிறார்கள். முன்னவர்க்கு அன்றாட ஜெபம் தேவை. பின்னவர்க்குத் தேவை, செப்பனிட்ட கரத்தின்மேல் நம்பிக்கை வைத்து இளைப்பாறுதல்.

ஈசாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தன் தகப்பன் ஆபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்துப்போட்டிருந்தார்கள். ஈசாக்கு அவற்றை மறுபடியும் தோண்டி, தகப்பன் இட்ட பெயர்களையே இட்டான். தூர்ந்ததைத் தோண்டுவதும் விசுவாசத்தின் செயலே. நம் திருவெள்ளறையில் ஸ்வஸ்திக வடிவில் நான்கு திசைகளிலிருந்தும் படிகள் இறங்கும் மார்ப்பிடுகு பெருங்கிணறு, பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டுவித்தது என்று கல்வெட்டுக் கூறுகிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகின்றன. வெட்டுவித்தவர் பெயரைக் கல் சொல்கிறது. நீர் நிற்கும் எந்தக் கிணறும் தூர் வாராமல் நிலைப்பதில்லை. இத்தனை தலைமுறைகளில் எத்தனை கைகள் அதில் இறங்கி உழைத்திருக்கும்!

இன்னொன்றும் சொல்லவேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக மூழ்கியவனின் கயிற்றைப் படகில் ஒருவன் பிடித்திருப்பான். பெரும்பாலும் மச்சானையே அதற்கு வைப்பார்கள் என்று அக்கரையோரத்தில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறதென்று அறிந்தவன் கண் அயரமாட்டான் அன்றோ? 1961க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் அந்த ஒழுங்கு இன்றும் மாறவில்லை. இக்காலத்து மூழ்குநர் ஒவ்வொருவரும், தோழனின் மூச்சு தடைப்பட்டால் கொடுப்பதற்கென்று வாய்ப்பகுதி ஒன்றைக் கூடுதலாகச் சுமந்தே இறங்குகிறார்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவே: “நான் தொழில்நுட்பம் அறிந்தவனல்லேன். உற்பத்தியாளர் தந்த ஏடு என்ன சொல்கிறதோ அதன்படி செய்யுங்கள். ஆனால் செலவை எண்ணும்போது உங்கள் மூச்சை மட்டும் எண்ணாதீர்கள். உங்கள் கையைப் பிடித்து இறங்குகிறவருக்கு எதைச் சோதிக்க வேண்டும் என்றே தெரியாது. அவர் உங்களை நம்பி இறங்குகிறார்.”

ஊருக்குத் திரும்பியதும் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். அழுத்தம் சீராக நிற்கிறது, எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். “வீண் செலவாயிற்றோ ஐயா?” என்று தொலைபேசியில் கேட்டார். குறையில்லை என்று அனுமானிப்பது வேறு, அறிந்திருப்பது வேறு என்றேன். சற்று மௌனமாயிருந்துவிட்டு, “ஆம் ஐயா, நாளைக் காலை ஒரு குடும்பத்தை அழைத்துப் போகிறேன். அதில் இரண்டு பிள்ளைகள்” என்றார்.

இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்வோமாக. வீட்டு அடுப்பின் ரப்பர்க் குழாயில் அச்சிட்டுள்ள ஆண்டைப் பாருங்கள். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது விதி. பிறகு ஒருவருக்கொருவர் கயிறு பிடிக்கும் பொறுப்பை நினைத்து, நெடுநாள் விசாரிக்காத ஒருவரைத் தேடிச் சென்று நலம் கேளுங்கள். “நன்றாயிருக்கிறேன்” என்ற விடை மட்டுமே கிடைத்தாலும், போனது வீணாகாது.

சமாதானத்தின் தேவன் உங்கள் உள்ளான மனிதனை நாள்தோறும் புதுப்பிப்பாராக. ஆமென்.