பழம்பொருளும் படைத்தவரும்

பெயரிலேயே பழமையைத் தாங்கி நிற்கும் ஊர் விருத்தாசலம். விருத்தம் என்பது முதுமை. அசலம் என்பது மலை. திருமுதுகுன்றம் என்னும் பழந்தமிழ்ப் பெயரும் அப்பொருளையே தரும். மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த இவ்வூரின் நடுவே பழமலைநாதர் கோயில் ஓங்கி நிற்கின்றது. இக்கோயிலின் வயது என்ன, இதனை எடுப்பித்தவர் யார் என்று வினவுவோர்க்குக் கல்வெட்டே விடை கூறும். கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் அன்னையாருமாகிய செம்பியன் மாதேவியார், 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனைக் கற்றளியாக எடுப்பித்தார். கல்லில் எழுத்து இருந்தமையால், ஆயிரம் ஆண்டு கடந்தும் அவர் பெயர் அழியாது நிற்கின்றது.

இவ்வூர் இக்காலத்தில் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. வெண்களிமண்ணையும் கல்தூளையும் நீரிற் குழைத்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, பளபளப்பூட்டும் பூச்சுப் பூசிச் சூளையில் இடுகின்றனர். பொம்மைகளும் மின்னிணைப்புக்கு வேண்டும் கட்டைகளும் வெண்மை ஒளிர வெளிவருகின்றன. பீங்கான் கலம் ஒன்றன் வயதை அறிய விரும்புவோர், முதலில் அதனைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பர். செய்தவரின் முத்திரை அங்கே இருத்தல் கூடும். பேரரசர் ஆட்சிக் காலத்தில் சீனநாட்டினர் அரசரின் ஆட்சிப் பெயரைக் கலத்தின் அடியில் எழுதுதல் வழக்கமாக இருந்தது. ஆயினும் முத்திரை ஒன்றையே நம்பி முடிவு கூறுதல் தகாது. காங்சி என்னும் பேரரசர் காலத்தில் செய்யப்பட்ட கலங்கள் பலவற்றில், அவருக்கு இருநூறு ஆண்டுகள் முற்பட்ட செங்குவா பேரரசரின் பெயர் எழுதப்பட்டுள்ளது. எழுத்தை மட்டும் படிப்பவர் ஏமாறுவார். மண்ணையும் பூச்சையும் வண்ணத்தையும் ஒருங்கே ஆராய்பவர் உண்மை காண்பார்.

கல்லுக்கு எழுத்து உண்டு. கலத்துக்கு முத்திரை உண்டு. மரத்தாற் செய்த நாற்காலிக்கும் கட்டிலுக்கும் பேழைக்கும் பெரும்பாலும் இவ்விரண்டும் இல்லை. செய்தவர் பெயர் தெரியாத இடத்தில், வைத்திருப்பவர் கூறும் கதையே வரலாறாகிவிடுகின்றது. அவ்வாறு ஒரு கதை, கற்றறிந்தோரையும் நெடுங்காலம் மயக்கியதுண்டு.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் ஹோரஸ் வால்போல். முதலமைச்சர் ராபர்ட் வால்போலின் மைந்தராகிய இவர், சிறந்த எழுத்தாளர். பழம்பொருள் தொகுப்பதில் பேரார்வம் கொண்டவர். டுவிக்கன்ஹாம் என்னும் இடத்தில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற மாளிகையை அமைத்து, அதனை அரும்பொருள்களால் நிரப்பினார். ஈஷர் என்னும் ஊரின் பழைய மாளிகையில் கருங்காலி மரத்தாலான நாற்காலிகளை அவர் கண்டார். அம்மாளிகை, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சராக விளங்கிய கார்டினல் வுல்சி வாழ்ந்த இடம். ஆதலின் அந்நாற்காலிகளும் வுல்சியின் உடைமைகளே என்று கருதினார். பின்னர் அத்தகைய நாற்காலிகளைத் தாமும் வாங்கித் தம் மாளிகையில் வைத்தார். அவர் கூற்றைப் பலரும் ஏற்றனர். 19ஆம் நூற்றாண்டிலும் அவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கிலக் கைவேலை என்றே போற்றப்பட்டன.

ஆனால் நாற்காலிகள் கூறிய சான்று வேறு. வுல்சி மறைந்தது 1530ஆம் ஆண்டில். அந்நாற்காலிகளின் இருக்கையோ பிரம்பினாற் பின்னப்பட்டது. கால்கள் கயிறு முறுக்கியது போலக் கடையப்பட்டவை. இவ்விரு வேலைப்பாடும் இங்கிலாந்தில் பரவியது 1660க்குப் பின்னரே. கருங்காலி இங்கிலாந்தில் விளையும் மரமும் அன்று. அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. தமிழர் வீடுகளில் உலக்கையாகப் பயன்பட்ட வலிய மரம் அது. நாற்காலிகளில் நெருக்கமாகச் செதுக்கிய பூவும் கொடியும் இந்தியக் கைவண்ணத்தையே காட்டின.

டென்மார்க் நாட்டு அறிஞர் வில்ஹெல்ம் ஸ்லோமன், இத்தகைய பொருள்களின் இந்தியத் தொடர்பை 1934இல் எடுத்துரைத்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பியருக்காகச் செய்யப்பட்ட மரப்பொருள்களை ஆராய்ந்து அமின் ஜாஃபர் எழுதிய நூலை, இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2001இல் வெளியிட்டது. இக்கருங்காலி நாற்காலிகள் 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை என்பதே இன்று அறிஞர் கொள்ளும் முடிவு.

சோழமண்டலக் கரை என்பது தமிழகத்தின் கீழைக்கடற்கரையையும் ஆந்திரத்தின் கடற்கரையையும் தழுவியது. விருத்தாசலத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடலூரும், அதற்குத் தெற்கே உள்ள பரங்கிப்பேட்டையும் அக்கரையின் துறைமுகங்களே. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர் அக்கரையெங்கும் பண்டகசாலைகள் அமைத்தனர். அவர்கள் விரும்பிய வடிவில் இந்நாட்டுத் தச்சர் நாற்காலி செய்து கொடுத்தனர். அவை கடல் கடந்து சென்றபின், செய்தவரின் நாட்டையும் உலகம் மறந்தது. அரிய வேலைப்பாட்டின் புகழ், ஒருநாளும் அவற்றில் அமர்ந்திராத வுல்சியைச் சேர்ந்தது.

மரப்பொருளை ஆராயும் முறையை மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று. முகப்பைக் காட்டிலும் மறைவிடங்களே உண்மை பேசும். இழுப்பறையின் உட்புறத்தையும், மேசையின் அடிப்பலகையையும், நாற்காலியின் கீழ்ப்புறத்தையும் பார்த்தல் வேண்டும். கைரம்பம் அறுத்த தடம் நேர்க்கோடுகளாக இருக்கும். சுழலும் வட்டரம்பம் அறுத்த தடம் வளைகோடுகளாக இருக்கும். கூர்முனைத் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேதான் பெருவழக்காயிற்று. மரம் நாளடைவில் குறுக்குவாட்டில் சுருங்கும் இயல்புடையது. ஆதலின் பழைய வட்டமேசையின் பலகையை அளந்தால், ஒரு பக்கம் சற்றே குறைந்திருக்கும். ஆயினும் ஒரு தடயத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. பழைய நாற்காலியைப் பின்னொரு தச்சர் செப்பனிட்டுப் புதிய திருகாணி முடுக்கியிருத்தலும் கூடும். மரம், இணைப்பு, கருவித் தடம், வேலைப்பாடு, எழுத்துச் சான்று ஆகிய அனைத்தும் ஒருங்கே இசைந்தால்தான் முடிவு வலுப்பெறும். வீட்டார் கூறும் கதையையும் தள்ளிவிட வேண்டுவதில்லை. அதனையும் ஏனைய சான்றுகளோடு வைத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

இத்துணை ஆராய்ச்சிக்குப் பின்னரும் அந்நாற்காலிகளைச் செய்த தச்சர் ஒருவர் பெயரும் கிடைத்திலது. அவர்கள் வாழ்ந்த நாடும் காலமுமே திரும்பக் கிடைத்துள்ளன. கைத்தொழில் பயிலும் மாணாக்கர் தாம் செய்யும் பொருள் சிறிதாயினும், அதன் அடியில் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பொறித்து வைத்தல் வேண்டும். வீட்டில் பழம்பொருள் இருப்பின், அதனைச் சுரண்டி மெருகேற்றுமுன் உற்றுநோக்கி, முதியோரை வினவி, அறிந்ததை எழுதி வைத்தல் வேண்டும். பின்வருவோர் உழைத்தவரின் பெயரைத் தேடும் நாளில், அவ்வொரு வரி அவர்க்குப் பெருந்துணையாகும்.