வெயில் காய்ச்சும் பாகு

கோக்கம் பழுக்கத் தொடங்குவது ஏப்ரலில். கடைசிப் பழம் ஜூன் வரை மரத்தில் இருக்கும். கொங்கணத்திலோ ஜூன் தொடக்கத்திலேயே மழை இறங்கிவிடும். பெருமழை பிடித்துக்கொண்டால் எஞ்சிய பழம் தரையில் விழுந்து அழுகும். வெயிலை நம்பிச் செய்யும் கோக்கம் பாகு வேலையும் அன்றோடு முடியும். மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்தில், குடாளை அடுத்த ஒரு வீட்டு முற்றத்தில் அந்த வேலையைப் பார்க்க மே மாதக் கடைசியில் போயிருந்தேன். அங்கே இருந்த பெண்கள் அடிக்கொரு தரம் மேற்கு வானத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

சிறிய எலுமிச்சை அளவுள்ள பழம். பழுத்தால் கருஞ்சிவப்பு. உலர்த்தாத பழத்துக்கு அங்கே ரதாம்பா என்று பெயர். உள்ளே வெள்ளைச் சதை மூடிய சில விதைகள். பாகுக்கு வேண்டியது தோல்தான். கூட்டத்தில் மூத்தவரை எல்லோரும் ‘மாவ்ஷி’ என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவர் நம் அரிவாள்மணை போன்ற விளியில் பழத்தை இரண்டாகப் பிளக்கிறார், கட்டைவிரலால் விதையை வழித்துச் சட்டியில் தள்ளுகிறார், தோலைக் கிண்ணமாக நிமிர்த்தி அடுக்குகிறார். பேச்சும் நிற்பதில்லை, கையும் நிற்பதில்லை. கோக்கத்தின் புளிப்பு கடுமையானது. நகக்கண்ணில் சிறு கீறல் இருந்தாலும் இரவெல்லாம் எரியுமாம். கையுறை போட்டால் பழம் வழுக்குகிறது என்று தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு உட்காருகிறார்கள். கூலி எடைக்கணக்கு. விரல் எரிகிறது என்று வேகத்தைக் குறைத்தால் கூலியும் குறையும். கடையில் ஒரு பாட்டிலை எடுக்கும்போது இந்த எரிச்சலும் அதன் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு.

தோல் கிண்ணங்களில் சர்க்கரையை நிரப்பிப் பீங்கான் ஜாடியில் அடுக்கடுக்காக வைக்கிறார்கள். வாயைத் துணியால் கட்டி வெயிலில் வைத்துவிட்டால் பிறகு அடுப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சர்க்கரை தோலின் ஈரத்தை வெளியே இழுத்து அதிலேயே கரைகிறது. ஒரு வாரம் போல் நல்ல வெயில் கிடைத்தால் ஜாடிக்குள் சிவந்த பாகு ஊறி நிற்கும். அதை வடித்தெடுத்துச் சீரகப்பொடியும் கொஞ்சம் உப்பும் சேர்த்தால் அம்ருத் கோக்கம். அடுப்பில் வைத்துச் சீக்கிரம் முடிக்கலாமே என்றேன். நிறம் செத்துவிடும் என்றார் மாவ்ஷி. அவர் சொன்னதுதான் வேதியியலும். நாவல் பழத்துக்கு நிறம் தருகிற ஆந்தோசயனின் வகைதான் இதிலும் இருக்கிறது, அது சூட்டில் சிதையும். இரும்பு, அலுமினியப் பாத்திரங்களை இந்தப் புளிப்பு அரித்துவிடும் என்பதால் அவற்றை முற்றத்துக்குள்ளேயே விடுவதில்லை.

இன்னொரு ஜாடியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. அதில் ஊறுவது ஆகள். தேங்காய்ப்பாலில் ஆகளைக் கலந்து பூண்டும் பச்சை மிளகாயும் நசுக்கிப் போட்டால் சோல்கடி, மீன் சோற்றுக்குப் பிறகு குடிப்பது. இதைக் கொதிக்கவிடக் கூடாது, பால் திரிந்துவிடும். தோலை அந்தப் பழத்தின் புளிச்சாற்றில் மறுபடி மறுபடி தோய்த்துக் காயவைத்தால் ஆம்சூல். அது பருப்புக்கும் அயிலைக் குழம்புக்கும் போகிறது. குமரியிலும் கேரளத்திலும் மீனில் போடும் குடம்புளி இதன் பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு மரம்.

பாகின் சத்தைப் பற்றி நேராகவே சொல்ல வேண்டும். இந்திய உணவுத் தர விதிப்படி பழப் பாகில் பழச்சாறு குறைந்தது 25 சதவீதமும், கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 சதவீதமும் இருக்க வேண்டும். அந்தத் திடப்பொருளில் பெரும்பகுதி சர்க்கரைதான். பாகு கெடாமல் நிற்பதும் அதனால்தான். ஒரு மேசைக்கரண்டிப் பாகில் ஏறக்குறைய 13 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு டம்ளர் சர்பத்துக்கு இரண்டு கரண்டி போட்டால் 26 கிராம். பெரியவர்கள் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டலின் கணக்கு. நார்ச்சத்து வடித்த தோலோடு போய்விடுகிறது. அந்தத் தோலைக் காயவைத்துப் பிள்ளைகள் தின்கிறார்கள்.

கோக்கத்தில் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் இருப்பதைச் சொல்லி, உடம்பை இளைக்க வைக்கும் என்று விற்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. பாதிக்கு மேல் சர்க்கரையான ஒரு பாகை இளைப்பதற்காகக் குடிக்கச் சொல்வது தவறு. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு ஆகளோ ஆம்சூலோ போதும். அவற்றிலும் அதே புளிப்பு உண்டு. உப்பைக் கட்டுப்படுத்துகிறவர்கள் மட்டும் ஆகளை அளந்து ஊற்ற வேண்டும்.

சமையலறையில் இந்தப் பாகை ‘இனிப்பான புளி’ என்று எடுத்துக்கொள்வதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. வெங்காய வெள்ளரிப் பச்சடியில் எலுமிச்சைக்குப் பதில் ஒரு தேக்கரண்டி விடலாம். பிசைந்த பப்பாளியின் மேல் தெளிக்கலாம். காய்ந்த மிளகாயும் இஞ்சியும் சேர்த்துத் தொட்டுக்கொள்ளச் சட்னியாக்கலாம். சூடான பாலில் மட்டும் விடக் கூடாது. நிறம் உண்மையானதா என்று பார்க்க, ஒரு சொட்டுப் பாகை நீரில் கலந்து சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். பழத்தின் நிறமாக இருந்தால் சிவப்பு மங்கி ஊதாவோ நீலமோ ஏறும். நாளாக ஆகப் பாகு பழுப்பேறினால் பதற வேண்டாம், அந்த நிறத்தின் இயல்பே அது.

பழத்தைப் பிளக்கும்போதே விதையைத் தனியாகக் காயவைத்துவிடுகிறார்கள். வெளியே மழை கொட்டும் மாதங்களில், ஜாடிகள் வீட்டுக்குள் ஒதுங்கியபின், அதை இடித்து வெந்நீரில் கொதிக்கவிட்டு மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்துக் கையால் உருட்டுகிறார்கள். சாதாரண வெப்பத்தில் அது கெட்டியாகவே நிற்கும், சருமத்தில் தேய்த்தால் உருகும். பாதவெடிப்புக்கு அங்கே அதுதான் மருந்து. புளிப்பில் வெந்த தங்கள் விரல்களுக்கும் இதையே பூசுவதாக மாவ்ஷி சொன்னார். மழைக்காலத்தில் அவர்களுக்குக் கொஞ்சமாவது காசு தருவது இந்த உருண்டைகள்தான். பாகு வாங்கும்போது இதையும் கேட்டு வாங்கலாம்.