நான்காவது இன்ஜெக்டர்

"இன்ஜெக்டரை வித்துடப் போறேன்" என்று நான் போனில் சொன்னதை அரைகுறையாகக் கேட்ட அம்மா, "எதுக்குய்யா ஊசி விக்கிற?" என்று பதறிவிட்டார். நல்லவேளை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பனி மாதிரி தூவும் சாமான் அது என்று விளக்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

என் கார் பைத்தியத்துக்கு அப்பாதான் காரணம். 1998-இல் பாசிர் கூடாங் ஓடுதளத்தில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தபோது, செனாயிலிருந்து என்னை அழைத்துப் போனார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை. வேலைக்குப் போனதும் ஒரு பழைய புரோட்டோன் வீரா வாங்கி, ஹாஃப் கட் கடையிலிருந்து டர்போ எஞ்சின் எடுத்துப் போட்டேன். ஜப்பானில் கழித்த கார்களின் முன்பாதியை அறுத்துக் கப்பலில் கொண்டுவந்து விற்பார்களே, அந்தக் கடை.

மகள் பிறந்ததும் வீராவைப் பழைய எஞ்சினுக்கே மாற்றினேன். கழற்றிய 560 சிசி இன்ஜெக்டர்கள் நான்கும் ஐந்து வருடமாக ஒரு மைலோ டின்னில் கிடந்தன. 560 சிசி என்றால், 3 பார் அழுத்தத்தில் முழுக்கத் திறந்து வைத்தால் நிமிடத்துக்கு அவ்வளவு பாயும் என்று கணக்கு. (வாங்குகிறவர்கள் அந்த அழுத்தத்தைக் கட்டாயம் கேளுங்கள். இதே சாமானை 4 பாரில் சோதித்தால் 640-ஐத் தாண்டும். எண்ணை மட்டும் காட்டி விற்பவர்கள் உண்டு.)

மகள் அடுத்த வருடம் பாலர் பள்ளிக்குப் போகிறாள். படம் எடுத்து, "நல்ல நிலை, 480 வெள்ளி" என்று இணையத்தில் போட்டேன். பத்து நிமிடத்தில் கூலாயிலிருந்து ஒரு தம்பி பேசினார். சிங்கப்பூரில் இரவு வேலை, தினமும் மோட்டாரில் பாலம் தாண்டுகிறவர். விலை பேசவே இல்லை. 100 வெள்ளி முன்பணமும் அனுப்பிவிட்டார்.

கொடுப்பதற்கு முன் கழுவித் தரலாமே என்று நண்பரின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். சோதனை இயந்திரத்தில் மூன்று, 555-க்குப் பக்கத்திலேயே நின்றன. நான்காவது 495. உள்ளே தங்கிய பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருக்கும் என்றார் நண்பர். மறுபடி கழுவினோம். 512. அதற்கு மேல் ஏறவில்லை.

ஒன்பது விழுக்காடுதானே குறைவு என்று தோன்றும். எஞ்சின் கணினி நான்குக்கும் ஒரே அளவு நேரம்தான் திறக்கச் சொல்லும். எது குறைவாக ஊற்றுகிறது என்று அதற்குத் தெரியாது. புகைக்குழாயில் வைக்கும் மீட்டரும் நான்கு சிலிண்டர் புகையையும் கலந்துதான் பார்க்கிறது. நாலு பேர் இலையைச் சேர்த்து எடை போட்டால் ஒருவர் பட்டினி கிடப்பது தெரியுமா? டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது பெட்ரோல் குறைந்த அந்த ஒரு சிலிண்டரில் சூடு ஏறி, பிஸ்டன் உருகும்.

இது ஏட்டில் படித்ததல்ல. எட்டு வருடத்துக்கு முன் நானும் இணையத்தில்தான், "இப்போதான் சர்வீஸ் செஞ்சது" என்ற ஒரு செட்டை வாங்கினேன். மூன்றாவது வாரம், செடெனாக் தாண்டி நெடுஞ்சாலையில் கார் புகை கக்கி நின்றது. பக்கத்தில் அப்பா. விற்றவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். இழுவை வண்டிக்குக் காத்திருந்த இரண்டு மணி நேரமும் அப்பா என்னைத் திட்டவில்லை. "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டார். 3,800 வெள்ளி ஆனது. பாதியை அவர்தான் கொடுத்தார்.

அவ்வளவு பட்டும், அன்றிரவு எனக்கும் புத்தி தடுமாறியது. செகண்ட் ஹேண்ட் சாமான், அவரும் சோதனை கேட்கவில்லை, "நல்ல நிலை" என்று போட்டபோது நான் அப்படித்தான் நம்பினேன். இப்படியே படுத்துக்கொண்டு வக்கீல் மாதிரி வாதாடினேன். காலையில்தான் கூப்பிட்டேன்.

"தம்பி, ஒண்ணு சரியில்ல. காசைத் திருப்பி அனுப்பிடறேன்."

"வேற ஆளு கூட விலை கேட்டாங்களாண்ணே?"

சுருக்கென்றது. ஆனால் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன். நேரில் வந்து பாருங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, மழைக்கோட்டோடு வந்தார். இயந்திரத்தை முப்பது வினாடி ஓடவிட்டோம். நான்கு கண்ணாடிக் குழாய். நான்காவதில் மட்டும் மட்டம் இறங்கி நின்றது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"ட்யூன் பண்றவரு மீட்டர் பாத்து சரி பண்ணிடலாம்னு சொன்னாருண்ணே."

இலைக் கதையைச் சொன்னேன். சிரித்தார். மூன்றை மட்டும் 300 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார். நான்காவதை வேறு இடத்தில் தேடுவதாகச் சொன்னார். பழைய டர்போ காரில் வருகிற இவை 2, 3 ஓம் மின்தடை உள்ளவை, ரெசிஸ்டர் பெட்டி இல்லாமல் மாட்டினால் கணினி போய்விடும் என்று சொல்லி அனுப்பினேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நான்கு கண்ணாடிக் குழாய்கள், நான்கிலும் ஒரே மட்டம். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

எங்கள் வீட்டு மைலோ டின்னில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. மகள் அதை ராக்கெட் என்கிறாள். அதன்மேல் கறுப்பு மார்க்கரில் 512 என்று எழுதி வைத்திருக்கிறேன்.