மூன்று எம்எம் துளைக்கு எவ்வளவு காற்று?

அம்பத்தூரில் கம்ப்ரஸருக்குப் பஞ்சமில்லை. பஞ்சர் கடையில் ஒன்று, டிங்கரிங் பட்டறையில் ஒன்று, எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் தெருவெங்கும் அதன் இரைச்சல். பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ். அந்தப் பக்கம் ஆவடியில் டாங்கி ஆலை. அறுபதுகளிலிருந்து இரும்போடு பழகிய வட்டாரம் இது. இங்கேயே ஒருவர், பழைய கார் பாகங்களை வீட்டிலேயே சாண்ட் பிளாஸ்டிங் செய்யப் போகிறேன், என்ன கம்ப்ரஸர் வாங்கலாம் என்று கேட்டால், 'பெரிய டேங்க்கா பாத்து வாங்குங்க' என்கிறார்கள். அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-ல் நம் சென்னையில் தயாராகத் தொடங்கிய வண்டி. பாடிக்குக் கீழே தனியாக சேசிஸ் உண்டு. அதன் பக்கக் கைகளைத்தான் துரு முதலில் தின்னும். விஷ்போன், பிரேக் டிரம், பிராக்கெட், கிளாம்ப் என்று துரு எடுக்க வேண்டிய சின்னச் சாமான்கள் ஒரு சாக்கு நிறையச் சேரும். வயர் பிரஷ் மேல் துருவைத்தான் எடுக்கும். குழிக்குள் இருக்கும் துருவை எடுக்க மணல் வீச்சுதான் வேண்டும்.

கணக்கை மணல் பீய்ச்சும் துப்பாக்கியின் நாசிலிலிருந்து தொடங்க வேண்டும். 3 எம்எம் துளை வழியே 6 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 550 லிட்டர் காற்று போகும். கடையில் முதலில் கைகாட்டும் 2 எச்பி, 160 லிட்டர் டேங்க் செட் தருவது சுமார் 200 லிட்டர். மீதி டேங்கிலிருந்து வரட்டுமே என்றால், 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது அந்த டேங்க் கொடுப்பது 320 லிட்டர்தான். ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் துப்பாக்கி வெறுமனே மூச்சு விடும், நீங்கள் காத்திருப்பீர்கள், மோட்டார் கொதிக்கும். டேங்க் காற்றைச் சேர்த்து வைக்குமே தவிர, உண்டாக்காது.

நாசில் தேயும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவான செராமிக் நாசிலில் டிரில் பிட்டின் பின்பக்கத்தை விட்டுப் பார்த்தால் தெரியும்: 3 எம்எம் மெல்ல 4 எம்எம் ஆகியிருக்கும். காற்றுச் செலவு அப்போது முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். போரான் கார்பைடு நாசில் விலை அதிகம்தான், ஆனால் உழைக்கும்.

எனக்கு மோட்டார் ரீவைண்டிங் செய்து தரும் அண்ணன் ஒரு வரியில் சொன்னார்: "சார், போர்டுல எழுதியிருக்கிறது பிஸ்டன் தள்ளுற காத்து. வெளிய வர்ற காத்து எவ்ளோன்னு கேளுங்க. சொல்லலன்னா வாங்காதீங்க." வெளியே வருவதைத்தான் எஃப்ஏடி என்கிறார்கள். தள்ளும் காற்றில் அறுபது, எழுபது சதவீதம் தேறும். 1 எச்பிக்கு நிமிடம் நூறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக என்று மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். என் தீர்ப்பு 5 எச்பி, டூ ஸ்டேஜ், 2.5 எம்எம் துளை. துளைக்கு 380 லிட்டர் போதும். கம்ப்ரஸர் 450 கொடுக்கும். நடுநடுவே நின்று ஆறிக்கொள்ளும். இதற்கு வீட்டில் திரீ ஃபேஸ் வேண்டும். சத்தமும் இருக்கும், பொதுச்சுவர் உள்ள வீடென்றால் மாலையோடு நிறுத்திவிடுவதே மரியாதை.

எச்பியை விட நம் ஊரில் பெரிய தலைவலி தண்ணீர். 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அதை 7 பாருக்கு அழுத்தி ஆறவிட்டால் 4 கிராம்தான் காற்றில் தங்கும். மற்றதெல்லாம் கொட்டும். மேலே சொன்ன 5 எச்பி மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டர். டேங்க் அடியில் உள்ள டிரெய்ன் காக்கைத் திறந்தால் முதலில் துரு கலந்த பழுப்புத் தண்ணீர் சீறும், பிறகு எண்ணெய் கலந்து பால் போல வரும். இது மணலில் கலந்தால் மணல் கட்டிதட்டி நாசிலை அடைக்கும். மாய்ஸ்சர் செப்பரேட்டரை டேங்க்கை ஒட்டி மாட்டிப் பயனில்லை, அங்கே காற்று இன்னும் சூடாகவே இருக்கும். இருபது அடி ஜிஐ பைப்பைச் சுவரோரமாகச் சரிவாக ஓட்டி, காற்று ஆறிய பிறகு மாட்டுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவோர் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: இது வெள்ளத்தில் மூழ்கிய மெஷினா? 2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் புகுந்தது. மோட்டாரை மாற்றிவிடலாம். டேங்க்கின் உள்ளே அடித்தகடு அரித்திருந்தால் அது வெடிக்கக்கூடிய சாமான். தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் செய்து தராத டேங்க்கை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கம்ப்ரஸரில் மிச்சம் பிடித்தாலும் மணலில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது. ஆற்று மணலும் வேண்டாம், எம்-சாண்டும் வேண்டாம். இரண்டிலும் சிலிக்கா உண்டு. இரும்பில் மோதியதும் அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து கிடையாது; காசநோயும் எளிதில் தொற்றும். பிரிட்டன் 1949-லேயே வார்ப்புகளை மணலால் பிளாஸ்ட் செய்வதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. கர்ச்சீப் கட்டிக்கொண்டு தெருவோரம் பிளாஸ்டிங் செய்யும் பையன்களை இன்றும் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. கார்னெட் வாங்குங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கரைகளில் அலை ஒதுக்கும் செம்மணல் அதுதான். 2013-ல் தமிழக அரசு அதை அள்ளத் தடை போட்டது. எனவே எங்கிருந்து வந்த மூட்டை என்று கேட்டு, பில்லோடு வாங்குவது நல்லது. மூடிய கேபினெட்டுக்குள் அடித்தால் அதையே சலித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அப்போதும் மாஸ்க் கட்டாயம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும்.

பானட், கதவு போன்ற தகடுகளைக் கேபினெட்டுக்கும் காட்டாதீர்கள், வேறு எங்கும் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காதீர்கள், வீச்சில் நெளிந்துவிடும். சேசிஸுக்கு வீட்டு கம்ப்ரஸர் பத்தாது. ஜாப் ஒர்க் எடுக்கும் இடங்களில் 8 எம்எம் நாசில் வைத்திருப்பார்கள், அது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4,000 லிட்டர் குடிக்கும். அங்கே கொடுக்கும்போதே, அன்றைக்கே எபாக்ஸி பிரைமரும் அடித்துத் தரச் சொல்லுங்கள். வெறும் இரும்பாக டாடா ஏஸில் ஏற்றி வந்து ஒரு ராத்திரி போட்டுவைத்தால், மார்கழிப் பனியில் காலைக்குள் பழுப்பேறிவிடும்.