வாக்குரிமைக்கு யார் காவல்?

ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணி புரியும் நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஒருவரை அலைக்கழிக்க விதியை மீற வேண்டுவதில்லை. விதியைக் கையில் வைத்துக்கொண்டே அலைக்கழிக்கலாம். ஒருவரிடம் ஒரு சான்றுடன் விட்டுவிட்டு, மற்றவரிடம் மூன்று கேட்கலாம். மேலே தணிக்கை செய்வோர் இருப்பதாலேயே மேஜைகள் பலவும் ஒழுங்காக நடக்கின்றன.

வாக்குரிமையின் வரலாறும் இதனையே கூறுகிறது. நிறம் பற்றி எவருக்கும் வாக்குரிமையை மறுக்கலாகாது என்று ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் சட்டத்தில் 1870ஆம் ஆண்டிலேயே 15ஆவது திருத்தம் சேர்ந்தது. ஆயினும் தென் மாநிலங்கள் தேர்தல் வரி, எழுத்தறிவுத் தேர்வு எனப் பல தடைகளைப் புகுத்தின. மிசிசிப்பியில், மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு மனுதாரர் பொருள் கூற வேண்டும். எந்தப் பிரிவு, விடை சரியா என்பதையெல்லாம் முடிவு செய்பவர் வட்டாரப் பதிவாளர் ஒருவரே. விதியில் நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அதை நடத்தியவர் கண்ணில் இருந்தது.

1957, 1960ஆம் ஆண்டுச் சட்டங்கள் வழக்குத் தொடுக்க வழி செய்தன. வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் நீண்டன. ஒரு தடை நீங்கினால் மற்றொன்று முளைத்தது. 1965 மார்ச் 7ஆம் நாள் செல்மா நகரில் வாக்குரிமை கோரி அணிவகுத்தோர் தடியடிக்கு ஆளாயினர். அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். தடைகள் மிகுந்த பகுதிகளில் அச்சட்டம் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது. மத்திய அதிகாரிகளை அனுப்பியது. தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசிடமோ தலைநகர் நீதிமன்றத்திடமோ ஒப்புதல் பெறப் பணித்தது. மிசிசிப்பியில் நூற்றுக்கு 7 பேர்கூடப் பதிவாகாதிருந்த கறுப்பின மக்களில், 1967க்குள் நூற்றுக்கு 60 பேரளவில் பதிவாயினர்.

தேர்தல் நடத்துவது மாநிலத்தின் உரிமையன்றோ, பழைய பிழைக்கு இன்னுமா தண்டனை என்பாரும் உளர். 2013இல் உச்ச நீதிமன்றம், எப்பகுதிகள் முன் ஒப்புதல் பெற வேண்டும் என வரையறுத்த பிரிவைக் காலங்கடந்ததென்று 5க்கு 4 என்ற கணக்கில் நீக்கியது. அன்றே டெக்சாஸ் மாநிலம், முன்பு தடுக்கப்பட்டிருந்த அடையாள அட்டைச் சட்டத்தை அமல் செய்வதாக அறிவித்தது. மாநில உரிமையை நாமும் போற்றுகிறோம். ஆனால் மற்றக் குறைகளை வாக்கினால் தீர்த்துக்கொள்ளலாம். வாக்கையே இழந்தவர் எதனால் தீர்த்துக்கொள்வார்? ஆதலின் அதற்குரிய காவல் வட்டாரப் பெரும்பான்மைக்கு அப்பால் இருத்தல் வேண்டும்.

பிற மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. 1949 ஜூன் 15ஆம் நாள் நம் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் இதே அபாயத்தை எடுத்துரைத்தார். சில மாகாணங்களில் இனத்தாலும் பண்பாட்டாலும் மொழியாலும் வேறுபட்டோர் வாக்காளர் பட்டியலில் சேராதபடி விலக்கப்படுவதாகப் புகார் வந்துள்ளது என்றார். அதன் பொருட்டே தேர்தல் பொறுப்பு முழுவதும் மத்தியில் ஒரே ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவே இன்றைய 324ஆவது பிரிவு.

அதன் பயனை நாமே கண்டோம். மாற்றலாகிச் சென்ற ஓர் ஊரில் பெயர் சேர்க்கப் போனபோது, "உங்கள் ஊரில் போய்ப் பதிந்துகொள்ளுங்கள்" என்றார் அங்கிருந்தவர். ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியே அவர் பதிவதற்குரிய இடம் என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அது பாராளுமன்றம் இயற்றியது, அவ்வூரார் இயற்றியதன்று. அதை எடுத்துக் காட்டியபின் மனு பெறப்பட்டது. சட்டம் இல்லாதிருந்தால் நாம் அவரிடம் கெஞ்சியிருக்க வேண்டும்.

சங்க அன்பர்கள், மாற்றலாகி வந்த நம் குடும்பங்களின் பெயர்கள் பட்டியலில் உள்ளனவா என்று தேர்தலுக்கு முன்பே பார்த்துக்கொள்வார்களாக. சட்டம் தந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.