எரியுண்ட ஏடுகள்

ஒரு நாட்டை வென்றவர் அந்நாட்டுப் பொன்னைக் கவர்வர், நிலத்தைக் கவர்வர், மக்களை ஏவல் கொள்வர். இவை யாவும் கொடியனவே. எனினும், பொன்னை மீண்டும் ஈட்டலாம். நிலமும் ஒருகால் மீளும். முன்னோர் எழுதிவைத்த ஏடுகள் அழியுமாயின் அவற்றை மீட்டுத் தருவார் யாவர்? அமெரிக்கப் பழங்குடிகளது வரலாற்றைக் கற்குந்தோறும் எம் நெஞ்சை வருத்துவது இவ்வினாவே.

1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் கண்டது புதிய உலகம் என்பர். ஆண்டு வாழ்ந்தார்க்கோ அது மிகப் பழைய உலகம். இன்றைய கௌதமாலா, ஹொண்டூராஸ், தென் மெக்ஸிகோ ஆகிய நாடுகளில் வாழ்ந்த மாயா மக்கள், ஐரோப்பியர் அங்கே செல்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே திக்கல், பலெங்கே, கோப்பான் முதலிய நகரங்களை எடுத்தனர். புள்ளியால் ஒன்றையும், கோட்டால் ஐந்தையும், சிப்பி வடிவால் சுழியையும் குறித்து, இருபது இருபதாக அடுக்கி எண்ணினர். 365 நாள் கொண்ட ஆண்டையும் 260 நாள் கொண்ட சடங்குக் கணக்கையும் இணைத்து, அவை 52 ஆண்டுகட்கு ஒருமுறை மீண்டும் ஒன்றுசேருமாறு காலங் கணித்தனர். அத்திமரப் பட்டையைத் தட்டித் தாளாக்கிச் சுண்ணம் பூசி, மடிப்பு மடிப்பாக மடித்து, அதன்மேல் பல வண்ணத்தால் நூல் எழுதினர். வெள்ளி என்னும் கோள் 584 நாளில் ஒரு சுற்று முடிப்பதை அந்நூல்களுள் ஒன்று இன்றும் காட்டுகின்றது.

இன்று எஞ்சியுள்ள மாயா ஏடுகளோ நான்கே. மூன்று முறையே டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் என்னும் ஐரோப்பிய நகரங்களில் உள்ளன. ஒன்று மெக்ஸிகோ நகரில் உளது. ஏனையவற்றுள் பல காலத்தாலும் ஈரத்தாலும் அழிந்தன. பல கருதியே அழிக்கப்பட்டன. 1562-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், யுகட்டான் நாட்டு மானி என்னும் ஊரில், தியேகோ தெ லந்தா என்னும் பிரான்சிஸ்கத் துறவியார் அத்தகைய ஏடுகளைக் குவித்துத் தீக்கிரையாக்கினார். மக்கள் பழைய வழிபாட்டைக் கைவிடவில்லை என்று அவர்களுட் பலரை வதைத்து வினாவியபின் நிகழ்ந்தது இது. அவ்வேடுகளில் பேயின் பொய்யன்றிப் பிறிதில்லை என்பது அவர்தம் துணிபு. அவை எரியக் கண்ட மக்கள் பெரிதும் துயருற்றனர் என்பதையும் அவரே எழுதிவைத்தார்.

இக்கொடுமை குறித்து ஸ்பெயினில் விசாரணை நடந்தது. லந்தா குற்றமற்றவர் எனப்பட்டு, அந்நாட்டுக்கே ஆயராக 1573-இல் மீண்டார். ஸ்பெயினில் இருந்த காலத்து யுகட்டானைப் பற்றி அவர் எழுதிய நூலில் மாயா எழுத்துக்கள் சிலவற்றை ஒலியோடு வரைந்திருந்தார். 1952-இல் சோவியத் அறிஞர் யூரி க்நோரோசோவ் அவ்வெழுத்தின் ஒலிமுறையைக் காண்பதற்கு அதுவே திறவுகோலாயிற்று. ஆயினும், பெட்டகத்தை எரித்துவிட்டுத் திறவுகோலை வைத்துப் போனார்க்கு நன்றி கூறுதல் எங்ஙனம்?

மற்றொரு துறவியாரையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். அவர் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்னும் டொமினிக்கர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌதமாலாவில் குருவாயிருந்த காலை, கிச்சே மாயா மக்களின் படைப்புக் கதை கூறும் ‘போபோல் வூஹ்’ என்னும் நூலைக் கண்டார். தம் சமயத்திற்கு மாறானது என்று அறிந்தும், அதனைக் கிச்சே மொழியிலேயே படியெடுத்து, அருகே ஸ்பானிய மொழிபெயர்ப்பையும் எழுதினார். இன்று உள்ளவற்றுள் மிகப் பழைய படி அதுவே. இருவரும் ஒரே திருமறையை ஓதியவர். ஒருவர் எரித்தார், ஒருவர் எழுதினார்.

தமிழ் ஆனர்ஸ் பயிலும் கிறிஸ்தவராகிய எம்மை நோக்கி, “தம்பி, தேவாரமும் திருவாய்மொழியும் உனக்கு எதற்கப்பா?” என்று சபைப் பெரியோர் சிலர் வினவுவதுண்டு. அவ்வினா பகைமையிற் பிறந்ததன்று. எம் ஆன்மாவின்மேற் கொண்ட பரிவிற் பிறந்தது. ஆயின், லந்தாவும் தம் செயலைப் பரிவென்றே எண்ணினார். அஃதே எம்மை அஞ்சச் செய்கின்றது.

இஃது அமெரிக்காவோடு ஒழிந்த பிழையுமன்று. 1599-இல் உதயம்பேரூரிற் கூடிய சங்கத்தையடுத்து, மலையாள நாட்டுத் தோமையார் கிறிஸ்தவரின் சிரியாக் ஏடுகளைப் போர்ச்சுக்கீசியப் பேராயர் எரிப்பித்தார்; ஈண்டு எரித்தாரும் இழந்தாரும் கிறிஸ்தவரே. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஆண்டுச் சமயமன்று, இனப்பகை தீ மூட்டிற்று. ஏட்டை இகழ்வார் அதனை எழுதிய மக்களையும் இகழ்வர். கௌதமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். அவருட் பெரும்பாலோர் மாயா மக்களே என்று உண்மை ஆணைக்குழு 1999-இல் உரைத்தது.

எனினும் மாயா மொழிகள் மாய்ந்தில. பல இலட்சம் மக்கள் அவற்றைப் பேசுகின்றனர். அவர்தம் இளைஞருட் சிலர் முன்னோர் எழுத்தை மீளவும் கற்று எழுதுகின்றனர். இனி எம் பெரியோர் அவ்வாறு வினவின், யாம் வாதம் புரியோம். அருகமர்ந்து ஹிமேனெஸ் அடிகளாரின் கதையைச் சொல்லுவோம்.