லயத்துக்குள் ஒரு நூதனசாலை

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்பது தோட்டப்புறத் தாய்மாருக்கு ஒரு பெரிய கேள்வி. நுவரெலியா விக்டோரியா பூங்கா, பேராதனைப் பூந்தோட்டம், ஒரு கோயில். இவற்றோடு எமது பட்டியல் முடிந்துவிடும். போய் வந்த பிள்ளைகளும் இரண்டு படம் எடுத்தோம், ஐஸ்கிரீம் சாப்பிட்டோம் என்பதோடு அதை மறந்துவிடுவார்கள்.

வெளிநாடுகளில் சிறுவர்களுக்கென்றே நூதனசாலைகள் உண்டு. அமெரிக்காவின் புறூக்ளினில் 1899ஆம் ஆண்டிலேயே அப்படியொன்றைத் திறந்துவிட்டார்கள். 1969இல் பிராங்க் ஒப்பன்ஹைமர் என்னும் இயற்பியலாளர் சான் பிரான்சிஸ்கோவில் தொட்டுப் பார்த்துக் கற்கும் நூதனசாலையொன்றைத் தொடங்கினார். இத்தகைய இடங்களில் “தொடாதே” என்று யாரும் அதட்டுவதில்லை. பிள்ளை தொட்டு, தூக்கி, சுற்றிப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

நாம் அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் எமக்கு அருகிலேயே வேறு விதமான ஒரு நூதனசாலை இருக்கிறது. கம்பளையிலிருந்து புசல்லாவைப் பக்கம் போகும்போது வரும் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், நூறு வருடத்துக்கும் மேல் பழைமையான லயமொன்றையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக மாற்றியிருக்கிறார்கள். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் இதனை 2007இல் அமைத்தது.

2024 ஏப்ரல் விடுமுறையில் குடும்பமாக அங்கே போனோம். நான், என் கணவர், பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன், அவர்களோடு என் அம்மா. அம்மா முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். “லயத்தப் பாக்க பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போகணுமா?” என்று கேட்டுக்கொண்டேதான் புறப்பட்டார். தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு, ஹற்றனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கம்பளைக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்தோம்.

கம்பளை எமது வரலாற்றில் முக்கியமான இடம். 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் தொடங்கியது இவ்வூருக்கு அருகில்தான். தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த எமது முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். கொள்ளைநோயில் வழியிலேயே மாண்டவர் பலர். அந்த வழியைத்தான் 2023இல், 200 வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை எம்மவர்கள் மீண்டும் நடந்து வந்தார்கள். பஸ்ஸில் இதைச் சொன்னபோது மகன் கேட்ட ஒரே கேள்வி, “சின்னப் பிள்ளைகளும் நடந்தார்களா?” என்பதுதான்.

மகளைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். அவள் நகரப் பாடசாலையில் படிக்கிறாள். அம்மாயி என்ன வேலை செய்தார் என்று யாராவது கேட்டால், “வீட்டில் இருக்கிறார்” என்பாள். அவள் மட்டுமல்ல. விண்ணப்பங்களில் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு நகரத்தின் பெயரை மட்டும் எழுதும் பிள்ளைகள் பலரை என் வேலையில் சந்திக்கிறேன். தோட்டத்துப் பிள்ளை என்றால் மற்றவர் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை அவர்கள் சிறு வயதிலேயே அறிந்துவிடுகிறார்கள். இதைப் பிள்ளைகளின் குறையாகக் கொள்வது நியாயமல்ல.

நூதனசாலையில் புழங்கிய பாத்திரங்கள், வேலைக் கருவிகள், நகைகள், தப்பு முதலிய வாத்தியங்கள், பழைய படங்கள், பத்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. மகன் முதலில் காம்பராவைக் காலடி வைத்து அளந்தான். பழைய லயக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். “இம்புட்டு எடத்துல ஏழு பேர் படுத்தோம். இஸ்தோப்புல அடுப்பு” என்றார் அம்மா. அவன் தன் கட்டிலை மனதில் வைத்து ஏழு பேரையும் படுக்க வைத்துப் பார்த்தான். இடம் போதவில்லை.

பொறுப்பாக இருந்தவரிடம் கேட்டு, மகள் ஒரு கொழுந்துக் கூடையை மாட்டிப் பார்த்தாள். அம்மா பின்னாலிருந்து கயிற்றைச் சரிசெய்தார். “கழுத்துல விடாத. தலையில தாங்கணும். படங்கு கட்டலேன்னா செடி கிழிச்சிரும்.” வெறுங்கூடைக்கே மகள் கழுத்தைச் சாய்த்தாள். பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ வரை கொழுந்து கேட்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மகள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். “அப்ப ஒரு நாள் முழுக்க எடுத்தா நாலு கிலோ தூள்தானா, அம்மாயி?” அம்மா, “மழையில ஈரத்துக்குன்னு கழிப்பாங்களே, அதையும் சேத்துக்க” என்றார். அதன் பிறகு இருவரும் எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் பேசிக்கொண்டு நடந்தார்கள்.

பத்திரங்கள் இருந்த இடத்தில் அம்மா நெடுநேரம் நின்றார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் எம் மக்கள் குடியுரிமை இழந்தார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீந்த 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பகிர்ந்தார்கள். நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு 2003இல்தான் சட்டத்தின் மூலம் முடிவு வந்தது. பாடப்புத்தகத்தில் இவை வெறும் எண்கள். அம்மாவுக்கோ அது அவருடைய மூத்த அண்ணன். 1972இல் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறிப் போய், கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தவர். பிறகு நீலகிரியிலிருந்து நாலைந்து கடிதம் வந்தது. அதோடு சரி. இப்படி ஒரு மாமா எனக்கு இருந்தார் என்பது தெரியும். அவர் புறப்பட்ட அன்று பாட்டி அடுப்பு மூட்டவேயில்லை என்பதை அன்றுதான் கேட்டேன். மகள் பேசாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்டி ஹந்தானையிலும் ஒரு தேயிலை நூதனசாலை உண்டு. 1925இல் கட்டிய தொழிற்சாலையில் 2001இல் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களையும், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களையும் அங்கே பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுங்கள். தேயிலை எப்படி உருவாகிறது என்பதை அங்கே அறியலாம். அதைச் சுமந்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதை ஓல்ட் பீக்கொக்கில்தான் அறியலாம்.

போவதற்கு முன் திறந்திருக்கிறதா, பாதை நன்றாக இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. முக்கியமாக, வீட்டிலுள்ள மூத்த பெண் ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அங்குள்ள பொருட்களை விளக்க அவரைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது.

சகோதரிகளே, இன்னொன்று. அங்கே காட்சிக்கு வைத்திருப்பவை போன்ற பத்திரங்கள் எமது வீடுகளில் தகரப் பெட்டிக்குள் ஈரம் பிடித்துக் கிடக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். இதனாலேயே ஊழியர் சேமலாப நிதியை எடுக்க முடியாமல் அலையும் பெண்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய கடிதங்களையும் பத்திரங்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பெயர்ப் பிழை இருந்தால், உழைத்தவர் வேலையில் இருக்கும்போதே திருத்த முயலுங்கள்.

அந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். எங்கள் வீட்டில் அதை மகள் எடுத்துக்கொண்டாள். அம்மாவின் பத்திரங்களை வருட வாரியாக அடுக்கி, பழைய கொப்பியொன்றில் விபரம் எழுதி வருகிறாள். கொப்பியின் முதல் வரியில் அம்மாவின் பெயரும், அதன் கீழே தோட்டமும் டிவிஷனும் இருக்கின்றன. “தொழில்” என்ற இடத்தில் “கொழுந்து எடுத்தல், 35 வருடம்” என்று எழுதியிருக்கிறாள்.